நாற்பது கூடையும் ஒரு பானையும்

கரக், கரக், கரக்.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சிலம்பாயி வீட்டுப் பரணிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

கேளுங்கள். மழை சொன்ன நாளில் வந்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. இது அதற்கு அடுத்த காலத்தில் நடந்தது.

நெடுங்கரடு என்ற ஊரில் நாற்பது வீடு. சத்தம் நாற்பது வீட்டுக்கும் கேட்டது. பேய் என்றால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் அது எலி. பஞ்சம் தொடங்கியதுமே எலிகளெல்லாம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தன. ஒரு எலி திரும்பி வந்திருக்கிறது என்றால் எங்கேயோ தானியம் இருக்கிறது என்று அர்த்தம்.

சிலம்பாயி கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பரணையே பார்த்தாள். கூலி தேடிப் போன புருசன் திரும்பவில்லை. எலியை விரட்டினால் தானியம் அவள் பரணில்தான் என்று ஊருக்கு உறுதியாகிவிடும். விரட்டாவிட்டால் விதை போய்விடும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். முதல் மழை விழுந்த மறுநாள் எல்லோரும் சோளம் விதைக்க வேண்டும். விதைத்து முடித்ததும் விதைக்கூடையைக் கோயில் வாசலில் கவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு மணி மிச்சம் வைத்தாலும் மழையை நம்பவில்லை என்று ஆகிவிடும். மழை கோபித்துக்கொள்ளும்.

அந்த ஆடியில் மழை வந்தது. நாற்பது கூடையும் கவிழ்ந்தன. அப்புறம் நாற்பது நாள் ஒரு துளி இல்லை. முளைத்த சோளம் கருகிப்போனது.

சிலம்பாயியும் கூடையைக் கவிழ்த்தவள்தான். ஆனால் பரணில், பிறந்த ஊரிலிருந்து கொண்டுவந்த பனிவரகு ஒரு பெரிய பானை நிறைய இருந்தது. எழுபது நாளில் விளைகிற சிறுதானியம். பானையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மழை வராததற்குத் தான்தான் காரணமோ என்று மட்டும் தினமும் பயந்தாள்.

முதலில் பக்கத்து வீட்டுப் பொங்கியம்மா வந்தாள்.

"ஏண்டி, உன் வீட்டு எலிக்கு மட்டும் இந்த ஊரு பிடிச்சிருக்காக்கும்? பாதி குடு. நான் வாயே தொறக்க மாட்டேன்."

"அது விதை அக்கா."

"விதையும் வேகும்டி."

அவள் போனபிறகு பிள்ளை அழுதது. சிலம்பாயிக்குப் பால் வற்றியிருந்தது. மூன்று தரம் பரணில் ஏறினாள். மூன்று தரமும் ஒரு பிடி அள்ளினாள். மூன்று தரமும் பானையிலேயே போட்டுவிட்டு இறங்கினாள்.

பிறகு ஊர்த்தலைவர் குப்பாண்டி முப்பத்தொன்பது வீட்டையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பரண்ல இருக்கிறதை இறக்கு. ஊருக்கே கஞ்சி. மழையை நம்பாம ஒளிச்சு வச்சவ, நாளைக்கு நீ ஊரைவிட்டு வெளியே."

"கஞ்சி எத்தனை நாளைக்கு வரும் மாமா?"

குப்பாண்டி யோசித்தார். "இன்னைக்கு வரும்."

"விடியட்டும் மாமா. எல்லாருக்கும் சமமா அளந்து தர்றேன்."

அவள் ஓடிவிடக் கூடாதென்று ஊரே வாசலில் உட்கார்ந்தது. உள்ளே அம்மியில் ஏதோ அரைபடும் சத்தம் கேட்டது.

"மாவாவே அரைச்சுத் தர்றா போல. பொறுப்பான பொண்ணு," என்று குப்பாண்டி எச்சில் விழுங்கினார்.

விடிந்தது. வீட்டுக்கு இரண்டு உழக்கு அளந்து கொடுத்தாள். பொங்கியம்மா ஒரு வாய் போட்டுப் பார்த்துத் துப்பினாள்.

"அடிப்பாவி! வேப்பங்கொட்டை!"

"சாணியும் இருக்கு அக்கா."

"இதை யாருடி திம்பா?"

"மண்ணு திங்கும்."

ஒரு தரம் கழுவினார்கள். கசந்தது. இரண்டாம் தரம் கழுவினார்கள். கசந்தது. மூன்றாம் தரம் கழுவினார்கள். தண்ணீர் தீர்ந்தது.

அவளைத் துரத்தலாம் என்றால், பனிவரகை எப்போது, எப்படி விதைப்பது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. துரத்துவதைத் தள்ளிவைத்தார்கள்.

"ஒரு உழக்கு இந்த மழைக்கு. ஒரு உழக்கு அடுத்த மழைக்கு," என்றாள் சிலம்பாயி. "யாரும் கூடையைக் கவுக்காதீங்க."

புரட்டாசியில் மழை வந்தது. ஓர் உழக்கை விதைத்தார்கள். மழை மூன்று நாள் விடாமல் கொட்டி, விதையை ஓடையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கீரையும் கிழங்கும் தின்று காத்திருந்தார்கள். ஐப்பசியில் மழை அளவாக வந்தது. அடுத்த உழக்கை விதைத்தார்கள். எழுபதாம் நாள் கதிர் முற்றித் தலை சாய்ந்தது. கூலிக்குப் போன புருசனும் சாப்பாட்டுக்குச் சரியாக வந்து சேர்ந்தான்.

அன்றைக்கு நாற்பது வீட்டிலும் உலை கொதித்தது. குப்பாண்டி ஏப்பம் விட்டுக்கொண்டே சிலம்பாயி வீட்டுக்கு வந்தார்.

"விதைக்குன்னு எடுத்து வச்சிருக்கியே, அதையும் போட்டு ஒரு பாயசம் வச்சுரலாமா? மழைதான் வந்துருச்சே."

"வயிறு நெறஞ்சுதா மாமா?"

"நெறஞ்சுது."

"அப்போ வீட்டுக்குப் போங்க."

மழை வரும் என்று நம்பு, வருகிற நாளை மட்டும் நம்பாமல் ஒரு பங்கு விதையை எப்போதும் எடுத்து வை என்பதே இதன் நீதி.

குப்பாண்டி வாசலிலேயே நின்றார். சிலம்பாயி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.