மீன்கொடி உறை யாருக்கு?

கம்பத்தில் ஏறுவது ஒரு கொடிதான், அதைப் பிடித்து இழுக்கிற கைகள் எத்தனையோ. கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

தூத்துக்குடியில் தபால்தலைக் கண்காட்சி. பாண்டியர் மீன்கொடி அச்சிட்ட சிறப்பு உறை அன்று வந்திருந்தது. புலிக்கொடியும் விற்கொடியும் இசக்கியம்மாளிடம் ஏற்கெனவே உண்டு. மீனும் சேர்ந்தால்தான் அடுத்த கண்காட்சியில் அவள் பேரில் ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டுவார்கள். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கால்கடுக்க நின்றாள். அவள் முறை வருவதற்குள் உறை தீர்ந்துபோனது.

கடைசி உறை உப்பு வியாபாரி தேவசகாயம் கையில். அதில் ஒட்டவேண்டிய கொடித் தபால்தலையோ மகராசன் வாத்தியாரிடம் மட்டும். அன்றைய முத்திரை குத்தும் ஜன்னலோ மூடப்போகிறது. அந்த ஜன்னல் வரிசையில் முதல் ஆளாக நின்றவள் இசக்கி. மூன்றும் கூடினால்தான் காரியம் நடக்கும்.

தபாலில் போய்வந்த உறைக்குத்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பு. யார் விலாசம் எழுதுவது? உம்ம பேருக்கு வந்தால் நீர் திருப்பித் தரமாட்டீர் என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். கடைசியில் இசக்கி பேரையே எழுதலாம் என்று முடிவானது.

"அது வாயில்லாப் பூச்சி. வந்ததும் வாங்கிக்கிடலாம்," என்று அவள் காதுபடவே சிரித்தார் வாத்தியார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விலாசத்தைப் பென்சிலால் எழுதிப் பிறகு அழிப்பதுதான் சேகரிப்பவர்கள் வழக்கம். தேவசகாயம் பேனாவை எடுத்தார். பென்சில் என்றால் மற்றவன் அழித்துத் தன் பேரைப் போட்டுக்கொள்வானே! வாத்தியாருக்கும் அதே பயம், சரி என்றார். இசக்கி முத்திரை வாங்கிப் பெட்டியில் போட்டாள்.

உறை வந்து சேர்ந்தது. இருவரும் அவள் வாசலுக்கு வந்து, என் உறை, என் தலை என்று முறையிட்டார்கள்.

"குடும்மா. பிள்ளைக்காரிக்கு எதுக்கு இது?" என்றார் தேவசகாயம்.

இசக்கி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"பிள்ளை என் இடுப்புல. கவர் என் கையில. ரெண்டையும் தர்றதா இல்ல அண்ணாச்சி."

உறை வாங்கியவருக்கா, தலை கொடுத்தவருக்கா, பேர் தாங்கியவளுக்கா? மீன்கொடி யாருக்குச் சேரும்?

*விடை:* இசக்கிக்குத்தான். கடுதாசி பெட்டியில் விழும்வரை அனுப்புகிறவர் பொருள். கைக்கு வந்துவிட்டால் விலாசத்தில் உள்ளவர் பொருள். திருப்பித் தருவதாக அவள் வாக்குக் கொடுக்கவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. பேசாதவள் சம்மதித்துவிட்டாள் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டால் அதற்கு அவளா பொறுப்பு? அடுத்த கண்காட்சியில் சட்டத்துக்குள் மீன்கொடி, அதன் பக்கத்தில் அவள் பேர். அழியாத மையில், தேவசகாயத்தின் கையெழுத்தில்.