கொட்டக் கொட்ட இருண்ட படிகம்

ஒரு ஊர்ல ஒரு உலை இருந்துச்சு. அது விட்ட அனல்ல சுவத்துப் பல்லியே துண்டெடுத்து நெத்தியத் துடைச்சுக்கும்னா பாத்துக்கோ. சிரிக்காதே, தாத்தா கோவமா இருக்கேன். இந்தக் கதையை நெனச்சாலே பத்திக்கிட்டு வருது. ம் கொட்டு.

அந்த உலையில படிகம் வளக்குறவ மங்கையர்க்கரசி. வெள்ளையா ஒரு ஃபுளோரைடு தூளை உருக்கி, நூறு பங்குக்கு ரெண்டே பங்கு எர்பியம்னு ஒரு ரோஸ் உப்பைச் சேர்ப்பா. ஒன்பது நாள் மெதுமெதுவா ஆறவிட்டா கண்ணாடி மாதிரி படிகம். அதுமேல கண்ணுக்குத் தெரியாத ஒளியை அடிச்சா, மடக் மடக்னு ரெண்டு வாய் முழுங்கிட்டு, பளீர்னு பச்சையா உமிழும்.

அப்புறம் வந்தார் அந்த ஆய்வுக்கூடத்து டைரக்டர் ஞானதிரவியம். அடுத்த மாசம் மேலிடத்துலேர்ந்து பாக்க வர்றாங்க, படிகம் ஜொலிக்கலைன்னா உலையைப் பிடுங்கி வேற ஊருக்குக் குடுத்துடுவாங்கன்னார்.

"ரெண்டு பங்குக்கே இவ்ளோ பச்சைன்னா, பத்து போடும்மா."

அவ வேணாம்னா. உள்ள எர்பியம் ஆளுங்க தள்ளித் தள்ளி உக்காந்தாத்தான் எரிவாங்க சார், நெருக்கி உக்கார வெச்சா வாங்குன ஒளியைப் பக்கத்தாளு கையில தள்ளிவிடுவாங்க, அது கைமாறிக் கைமாறி வெறும் சூடாப் போயிடும்னு படிச்சுப் படிச்சு சொன்னா. கேட்டாரா? அவ வளத்த படிகத்தையே டமார்னு உடைச்சு உலையில போட வெச்சார். பத்து பங்கு. ஒன்பது நாள். மினுக் மினுக்னு மங்கலா வந்துச்சு.

அப்போவாவது விட்டாரா? நாப்பது போடுன்னார். இன்னொரு ஒன்பது நாள். ஒளியை அடிச்சா கும்மிருட்டு. தொட்டுப் பாத்தார், சுடுதேன்னார்.

"வெளிச்சமெல்லாம் அங்கதான் சார் போச்சு."

உடனே அவருக்கு வந்துச்சு பாரு கோவம், அவமேலேயே. உன் கைராசி சரியில்லைன்னுட்டார். உனக்கும் கோவம் வருதா? வரட்டும்.

மிச்சம் பத்தே நாள். ரோஸ் உப்பும் காலி. அவ அவரை வெளிய அனுப்பிட்டு உலை அறைக் கதவைத் தடால்னு சாத்துனா. இருண்ட படிகத்துல சடக்னு ஒரு துண்டு உடைச்சா. அதுக்கு இருபது மடங்கு வெறும் வெள்ளைத்தூள் கலந்து உருக்குனா, நாப்பது பங்கு பழையபடி ரெண்டுக்கு எறங்கிச்சு. ஒன்பது நாள்ல உலை ஆறுச்சு, அவ ஆறலை.

பத்தாம் நாள், படிகம் விட்ட ஒளியில வந்தவங்க மூஞ்சியெல்லாம் பச்சை. டைரக்டர் அவ காதோரம் குனிஞ்சு கேட்டார்:

"இதுல என்னம்மா போட்டே?"

"ரோஸ் உப்பு எதுவும் போடலை சார். உங்களை வெளிய நிறுத்துனேன்."

உலை அங்கேயேதான் இருக்கு. கதையை இத்தோட இறக்கி வெச்சாச்சு, கண்ணை மூடு. எனக்குத்தான் இன்னும் தூக்கம் வராது.