பி.டி. மாஸ்டர் சொல்லித்தராத பயிற்சி

நஸீமாவிடம் மாணவராகச் சேர்ந்தபோது சவரிராயனுக்கு அறுபத்தொரு வயது. நஸீமாவுக்கு முப்பத்தெட்டு.

உப்பளங்கள் சூழ்ந்த ஒரு கடற்கரை ஊரில் நஸீமா பிசியோதெரபி நிலையம் நடத்திவந்தார். இரண்டு கட்டில், நான்கு பாய், சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி. சவரிராயன் அதே ஊர்ப் பள்ளியில் முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். ஊருக்கு அவர் பி.டி. மாஸ்டர்.

ஓய்வு பெற்ற மறு வருடம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வலி பிட்டத்தில் இறங்கி முழங்கால்வரை போனது. குனிந்து ஷூ மாட்ட முடியாமல் ஒரு காலையில் அழுதுவிட்டார்.

நஸீமா அவரைப் பரிசோதித்துவிட்டுக் குப்புறப் படுக்கச் சொன்னார். இடுப்பைப் பாயிலேயே விட்டுவிட்டு, கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் மேலே தூக்கவேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை. மூன்றாம் நாள் முழங்காலில் இருந்த வலி பிட்டத்துக்கு ஏறியது. ஒரு மாதத்தில் காணாமலே போனது.

"எனக்கு இதைக் கத்துக்குடுங்க மேடம்" என்று வந்து நின்றார் சவரிராயன்.

"கூட இருந்து பாருங்க சார். நான் பார்த்து முடிச்சவங்களை, நான் சொன்னதை மட்டும் செய்ய வையுங்க. இப்போதைக்கு அது போதும்."

இரண்டு மாதம் அப்படியே நடந்தது.

ஒரு மதியம் நஸீமா வெளியே போயிருந்தார். இசக்கியப்பன் வந்தார். எழுபது வயது. தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடமும் வாளியும் விற்பவர்.

"இடுப்பு வலி உயிர் போகுது மாஸ்டர்."

"எங்க வலிக்கு?"

அவர் தொட்டுக் காட்டினார். சவரிராயனுக்கு வலித்த அதே இடம்.

"குப்புறப் படுங்க அண்ணாச்சி. எனக்கு இதுலதான் விட்டுச்சு."

ஐந்தாவது முறை நெஞ்சைத் தூக்கும்போது இசக்கியப்பன் கத்தினார். இரண்டு காலும் மரத்துப்போய்விட்டன. எழ முடியவில்லை.

அந்த நேரத்தில் நஸீமா உள்ளே வந்தார். பெரியவரை மெல்லத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். நெஞ்சு தொடையில் படும்படி முன்னால் குனியவைத்தார். சிறிது நேரத்தில் கால்களுக்கு உணர்வு திரும்பியது. ஆட்டோ பிடித்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடச் சவரிராயன் தாங்கியிருப்பார்.

சாயங்காலம் சவரிராயனே பேச்சைத் தொடங்கினார்.

"தப்புப் பண்ணிட்டேன் மேடம். ஆனா ஒண்ணு புரியலை. என்னை எழுப்பி நிறுத்துன பயிற்சி அவரை ஏன் விழத்தாட்டிச்சு? இடுப்பு வலிக்கு எதுதான் சரியான பயிற்சி?"

"அவர் திரும்ப வண்டி எடுக்கட்டும். சொல்றேன்."

பத்து நாள் கழித்து ஒரு காலையில் நஸீமா அவரைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். இசக்கியப்பன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். இருவரும் பின்னாலேயே நடந்தார்கள். நான்கு தெரு. கைப்பிடிமேல் கவிழ்ந்தபடி கூவிக்கொண்டே போனார். ஓரிடத்திலும் வலி என்று நிற்கவில்லை.

ஐந்தாவது தெருவில் நஸீமா கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, வண்டியை மாஸ்டர் பிடிச்சுக்கிடுவார். அந்தக் கரண்டுக் கம்பம் வரைக்கும் வெறுங்கையோட நிமிர்ந்து நடந்துட்டு வாங்க. முடியலைன்னா உடனே உட்கார்ந்திருங்க."

பாதித் தூரம் போவதற்குள் பெரியவரின் நடை தளர்ந்தது. அருகிலிருந்த கல்லில் உட்கார்ந்து குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப சரியாப் போச்சு தாயி" என்றார்.

சவரிராயன் வண்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"குனிஞ்சா நல்லா இருக்கார்" என்றார் மெதுவாக. "நிமிர்ந்தாத்தான் கால் போகுது."

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு சார்?"

"குனிஞ்சா உயிர் போச்சு. நிமிர்ந்தா விட்டுச்சு."

"இதை அவர்கிட்ட கேட்டீங்களா?"

"இல்லை. எங்க வலிக்குன்னுதான் கேட்டேன்."

அன்று நஸீமா இசக்கியப்பனை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சோடு அணைக்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டு மாதத்தில் அவர் வண்டி இல்லாமலே, ஓரிடத்தில் மட்டும் உட்கார்ந்து எழுந்து, டீக்கடை வரைக்கும் போய்வந்தார்.

அதன்பின் ஆறு மாதம் சவரிராயன் தானாக யாருக்கும் எதுவும் சொல்லித்தரவில்லை. நஸீமாவைப் பார்த்தார். நோயாளி படியேறும்போதே நஸீமாவின் கண் வேலையைத் தொடங்கிவிடும். எந்தக் கையை ஊன்றி உட்காருகிறார், எழும்போது முகம் எப்படிப் போகிறது, எதைச் சொல்லக் கூச்சப்படுகிறார் எல்லாம் அதில் படும். ஒரு தையல்காரருக்கு அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். வலிக்குப் பயந்து இரண்டு மாதம் படுக்கையிலேயே கிடந்த ஒரு பெண்ணை, கையைப் பிடித்து வாசல்வரை நடத்திக் கூட்டிப்போய்த் திரும்பினார். அன்றைக்கு அவளுக்கு அதுதான் பயிற்சி. தான் இத்தனை வருடம் விசில் ஊதி, நூறு பையன்களுக்கும் ஒரே பயிற்சி கொடுத்தது சவரிராயனுக்கு நினைவு வந்துகொண்டே இருந்தது.

பிறகு ஒரு நாள், நஸீமா தன் மகளின் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் ஜெபக்கனி வந்தாள். உப்பளத்தில் வேலை செய்பவள். நாற்பது வயதிருக்கும். இடுப்பு வலியில் துவண்டவளை மதினி தோளைத் தாங்கிக் கூட்டிவந்தாள்.

"குப்புறப் படுத்து ஒண்ணு செய்வீங்களாமே மாஸ்டர், அதைச் சொல்லிக்குடுங்க" என்றாள் ஜெபக்கனி. "நாளைக்கு வேலைக்குப் போகணும்."

சவரிராயன் வாசலைப் பார்த்தார். இடது செருப்பு காலிலேயே இருக்க, அவளுடைய வலது கால் செருப்பு வழியிலேயே கிடந்தது.

"செருப்பைக் கழற்றிப் போட்டியாம்மா?"

ஜெபக்கனி குனிந்து பார்த்தாள். "இல்லையே. எப்பக் கழண்டுச்சு?"

"பாதத்தை மேல தூக்கு பார்ப்போம்."

இடது பாதம் எழுந்தது. வலது பாதம் அப்படியே கிடந்தது.

அடுத்த கேள்வியை அவளிடமே நேராகக் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. மதினியைத் தனியே கூட்டிப்போய்க் கேட்டார். மதினி ஜெபக்கனியின் காதில் கேட்டுவிட்டுத் திரும்பிவந்தாள்.

"காலையிலிருந்து ஒண்ணுக்கு வரவே இல்லையாம் மாஸ்டர். உட்கார்ற இடமெல்லாம் மரத்துக் கிடக்காம்."

"பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"ஒரு பயிற்சி சொல்லிக்குடுத்தா செஞ்சு பார்த்துட்டு, நாளைக்குப் போறோமே" என்றாள் ஜெபக்கனி.

"கிடையாது தாயி. உனக்கு இங்க பயிற்சியே கிடையாது."

ஆட்டோவில் அவரும் ஏறிக்கொண்டார். போகும் வழியிலேயே நஸீமாவுக்கு போன் போட்டுச் சொன்னார். நஸீமா ஆஸ்பத்திரிக்குப் பேசிவைத்தார். அன்றே அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு நாள் தள்ளியிருந்தால் நரம்பு மீளாமலே போயிருக்கலாம் என்றார்கள் டாக்டர்கள்.

ஐந்தாவது வாரம் ஜெபக்கனி, மதினியின் கையை விட்டுவிட்டு, தானாகவே படியேறி வந்தாள். நஸீமா அவளைப் பரிசோதித்து, அவளுக்கான முதல் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்.

நிலையத்தில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"ஊரெல்லாம் மாஸ்டர் குணமாக்குனார்னு பேசுது மேடம்" என்றார் சவரிராயன். "கூச்சமா இருக்கு. நான் ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தரலை."

நஸீமா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"நான் இருந்திருந்தா, கட்டில்ல படுக்கவெச்ச பிறகுதான் அந்தக் காலைப் பார்த்திருப்பேன் சார். நீங்க வாசல்லயே பார்த்துட்டீங்க."

சவரிராயன் அடுத்த பாயை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார்.

"நாளையிலிருந்து புதுசா வர்றவங்களை முதல்ல நீங்க பாருங்க" என்றார் நஸீமா. "நான் பக்கத்துல உட்கார்ந்துக்கிடுதேன்."