கவர்னர் கேட்ட ஏ.சி.

நைஜர் நாட்டில் கரண்டே வராத ஒரு சிற்றூர். கட்டடக் கலைஞர் சலிமாத்தா அந்த ஊர் மண்ணையே குழைத்து, ஊருக்குப் பொதுவாக ஒரு மண்டபம் கட்டினாள். திறக்க வந்த கவர்னர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏ.சி. எங்கேம்மா? அது இல்லாத இடத்துக்குள்ள நான் கால் வைக்கமாட்டேன். நாளைக்குள்ள மாட்டு, இல்லேன்னா இடிச்சிடுவேன்."

மறுநாள் உள்ளே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கியது. கவர்னர் திருப்தியாக அதன் கீழே போய் உட்கார்ந்தார். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே அவர் கோட்டுப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டார்.

"ஏ.சி.ன்னா இதுதான். ரொம்பக் குளிருதும்மா, கொஞ்சம் குறை."

சலிமாத்தா பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு கோழி.

"குளிர வைக்கிறது மண்சுவருங்க ஐயா. இது அடையில உட்கார்ந்திருக்கு, தொட்டா கொத்தும்."