பத்தாத வண்டி

கடலோர நகரம் ஒன்றில், அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், சின்னதாக ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அது கயல்விழிக்குச் சொந்தமில்லை. மூன்று வருட லீசுக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். காருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. தன்னை அவள் வீட்டு வண்டி என்றே நினைத்திருந்தது.

ஒருநாள் கயல்விழி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி போனில் சொன்னாள்: "இந்த வண்டி பத்தலங்க. லீசு முடியறதுக்குள்ளயே வேற வண்டிக்கு மாறணும். வழி இருக்கா?"

கார் திடுக்கிட்டது. வண்டிகளின் பேச்சில் பத்துவது என்றால் எஞ்சின் பற்றிக்கொண்டு உயிர் பெறுவது.

"நான் என்றைக்குப் பத்தாமல் போனேன்?" என்று சாவியைக் கேட்டது.

சாவி யோசித்துப் பார்த்துவிட்டு, மார்கழிக் குளிரில் ஒருநாள் தன்னை இரண்டு முறை திருப்ப வேண்டியிருந்ததை நினைவுபடுத்தியது.

அதற்கா இவ்வளவு கோபம்? மறுநாளிலிருந்து கார், சாவி பாதி திரும்பும்போதே உறுமத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர், பந்தயத்துக்கா போகிறாய் என்று கேலி செய்தது. ஆனாலும் கயல்விழி மனம் மாறியதாகத் தெரியவில்லை. காரைப் படம் எடுத்து யார் யாருக்கோ அனுப்பினாள்.

முன் சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை போட்டுப் படுத்திருந்த லீசு ஒப்பந்தத்திடம் கார் விசாரித்தது. ஒப்பந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டது. பாதியில் விட்டுப் போனால் கயல்விழிக்குத் தாங்க முடியாத நஷ்டம். ஆனால் அவள் இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்து மீதி லீசை ஏற்றுக்கொண்டால், கம்பெனி ஒத்துக்கொண்டால், அவள் போகலாம். அப்படி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்றது.

"அவள் போவதில் உனக்கு வருத்தமே இல்லையா?"

"எனக்கு ஆள் எதற்கு? கையெழுத்துப் போட ஒரு கை இருந்தால் போதும்."

கார் ஒரு முடிவுக்கு வந்தது. வருகிறவர் சாவியைத் திருப்பும்போது நிஜமாகவே பத்தக்கூடாது. அவர் போய்விடுவார், கயல்விழி தன்னோடு இருந்துவிடுவாள்.

தூணோரம் மடித்து வைத்திருந்த சக்கர நாற்காலி இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அது கயல்விழியின் தம்பி பரிதியுடையது.

"எல்லாரையும் கேட்டாய். என்னைக் கேட்டாயா?" என்றது நாற்காலி.

"உன்னை என்ன கேட்க? நீதான் என் டிக்கியில் அடங்கவே மாட்டாயே."

"அதைத்தான் பத்தல என்கிறாள். இடம் பத்தல."

காருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பரிதியை முன் சீட்டில் உட்காரவைத்து வாராவாரம் கடற்கரைக்குக் கூட்டிப்போவது யாராம்?"

"நீதான். அங்கே அவன் ஒருமுறையாவது இறங்கினானா?"

கார் யோசித்தது. கயல்விழி சுண்டல் வாங்கி வந்து ஜன்னல் வழியாகக் கொடுப்பாள். பரிதி கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு அலையைப் பார்த்துக்கொண்டே, "நீ போய்க் கால நனைச்சிட்டு வாக்கா, நான் வண்டியப் பாத்துக்கறேன்" என்பான். தன்மேல் உள்ள பிரியத்தில்தான் அவன் இறங்குவதில்லை என்று கார் இத்தனை நாளும் நம்பியிருந்தது.



ஞாயிற்றுக்கிழமை ஞானதாஸ் என்பவர் வந்தார். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டார்ட்டிங்கில் ஏதும் தொல்லை உண்டா என்று கேட்டார். கயல்விழிக்கு மறைக்கத் தெரியவில்லை.

"மார்கழியில ஒருதடவ மக்கர் பண்ணுச்சுண்ணா. மத்தபடி குறை இல்ல. என் தம்பியோட வீல்சேர் இதுல போகல, அதான்."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. உள்ளே ஏறி உட்கார்ந்து சாவியைத் துளைக்குள் விட்டார். கயல்விழி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். இவரையும் விட்டால் வேறு ஆள் இல்லை.

"என்ன செய்யப் போகிறாய்?" என்று சாவி மெல்லக் கேட்டது.

கார் தூணோரம் பார்த்தது. பிறகு முதல் திருப்பிலேயே, உறுமாமல், சீராகப் பற்றிக்கொண்டது.

கம்பெனியும் ஒத்துக்கொண்டது. ஞானதாஸ் காரை எடுத்துக்கொண்டு வெளியேறிய நாளில், கேட்டுக்கு எதிரே கயல்விழிக்கென வந்த உயரமான வண்டி ஒன்று உள்ளே வரக் காத்திருந்தது. கார் ஒதுங்கி அதற்கு வழிவிட்டது.

சிக்னலில் நின்றபோது பக்கக் கண்ணாடி, "என்ன, அழுகிறாயா?" என்று கேட்டது.

"இல்லை. இவர் எங்கே இறங்க வேண்டியவர் என்று யோசிக்கிறேன்" என்றது கார்.