கோட்டுப் போட்ட பன்றி

ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளில், ஹாலந்தின் ஒரு நெசவு நகரத்தில், வில்லமீனா என்ற பெண் வாரப் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரங்கள் வரைந்துகொண்டிருந்தார். அவரிடம் மாணவராகச் சேர்ந்த ஹூப்ரெக்டுக்கு அவரைவிட இருபது வயது அதிகம். சுங்கச்சாவடியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார்.

அந்த ஊரில் ஏழைகளுக்கு சூப் கொடுக்கும் சங்கம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் ரூலஃப் என்ற ஆலை முதலாளி. நெசவாளர்களின் உழைப்பில் கொழுத்தவர் என்று அவரைக் கோட்டுப் போட்ட பன்றியாக ஹூப்ரெக்ட் மையில் வரைந்தார். படம் பத்திரிகையில் வந்தது.

ரூலஃப் கோபப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாராம். படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டுகிறாராம்.

ஹூப்ரெக்டுக்கு இது விளங்கவில்லை.

"அவருக்கு உறைக்கவேண்டும் என்றுதானே வரைந்தேன். ஏன் சிரித்தார்?"

வில்லமீனா மறுநாள் மதியம் அவரை அந்தச் சங்கத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே ரூலஃப் தானே அகப்பை பிடித்து சூப் ஊற்றிக்கொண்டிருந்தார். முகம் கனிவாகவே இருந்தது. ஆனால் தேவாலயத்தில் பாடும் ஞானப்பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினால்தான் சூப். ஒரு நெசவுக்காரப் பெண்ணின் முறை வந்தது. இருமல் அவளைப் பாடவிடவில்லை. அவர் அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். மூன்று முறை முயன்றாள். பிறகு காலிக் கிண்ணத்தோடு நகர்ந்துவிட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் ஹூப்ரெக்ட் கொதித்தார். பன்றி போதாது, இந்த முறை ஓநாயாக வரையட்டுமா என்று கேட்டார்.

வில்லமீனா வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் மேசை முன் உட்கார்ந்தார். ஓநாயெல்லாம் வரையவில்லை. கனிவான அந்த முகம், தூக்கிய அகப்பை, வாயைப் பொத்தி இருமும் பெண். பார்த்ததைப் பார்த்தபடியே வரைந்தார்.

ஹூப்ரெக்ட் ஆவலோடு குனிந்தார். ரூலஃபின் விரல்கள் எவ்வளவு சரியாக வந்திருக்கின்றன என்று வியந்தார். அப்புறம்தான் சுவரோரம் கண் போனது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் அங்கே கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்து நின்றார்.

ஹூப்ரெக்ட் தன் மீசையைத் தொட்டுப் பார்த்தார்.

"இதில் என்னை எதற்கு வரைந்தீர்கள்?"

"அங்கேதானே நின்றீர்கள்" என்றார் வில்லமீனா. பேனாவைத் துடைத்து வைத்தார். "சிரிப்பு வருகிறதா, சொல்லுங்கள்."