எண்பது மில்லி

"மேடம், இசக்கியம்மாளுக்குப் பால் வத்திக்கிட்டே வருது" என்றார் குலசேகரன். "மாத்திரை எழுதிடலாமா?"

சபீனா நிமிரவில்லை. கையில் ஏதோ ஒரு குழந்தையின் கேஸ் ஷீட் இருந்தது.

"அவங்க தண்ணி குடிக்கிறாங்களா, சார்?"

"அதக் கேக்கல."

"கேட்டுட்டு வாங்க."

இந்த இருவரில் குருவுக்குத்தான் வயது குறைவு. டாக்டர் சபீனாவுக்கு முப்பத்தாறு. குறைமாதக் குழந்தைகள் வார்டு அவர் பொறுப்பில் இருந்தது. டாக்டர் குலசேகரனுக்கு நாற்பத்தெட்டு. சின்ன ஊர் ஒன்றில் பதினேழு வருடம் குழந்தைகள் கிளினிக் நடத்தி, கைராசிக்காரர் என்று பேரும் வாங்கி, அதன்பிறகு இங்கே பயிற்சிக்கு வந்தவர். அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். குலசேகரனுக்கே சில நாள் அந்தக் குழப்பம் இருந்தது.

தாய்மார் அறையில் இசக்கியம்மாள் பீய்ச்சி எடுத்த பாலைக் கிண்ணத்தில் ஊற்றி மூடிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தின் அடி மட்டும் நனைந்திருந்தது.

அவள் மகன் இருபத்தேழாவது வாரத்திலேயே பிறந்துவிட்டவன். பிறக்கும்போது தொள்ளாயிரத்து இருபது கிராம். ஒன்பது வாரம் ஆகியும் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. குழாயை எடுத்தால் நெஞ்சு உள்வாங்கும். உதடு நீலமாகிவிடும்.

"தண்ணி குடிக்கிறியாம்மா?"

"மாத்திரைக்கு ஒரு வாய் குடிப்பேன் சார்."

"ஒரு வாயா? வெயில் இந்தப் போடு போடுது. ஏம்மா?"

"நீங்கதான சார் சொன்னிய, பிள்ளைக்கு நெஞ்சுல தண்ணி கோத்துருக்குன்னு. நா குடிக்கதுதான பாலா அவனுக்குப் போவுது. அத்தையும் அதான் சொன்னாவ. அவன் வயித்துல இருக்கும்போதே நா தண்ணி ரொம்பக் குடிப்பேன்லா."

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னது அவர்தான். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கட்டிலுக்கு அடியில், அவள் கணவன் காலையில் நிரப்பி வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நல்லா குடி."

"பின்ன அந்தத் தண்ணி எங்கெருந்து சார் வந்துச்சு?"

குலசேகரன் கதவைப் பார்த்தார்.

"சில பிள்ளைங்களுக்கு அப்படித்தாம்மா."

பதினேழு வருடப் பழக்கத்தில் அந்த வாக்கியம் தானாக வாயில் வந்து நிற்கும். இசக்கியம்மாள் தலையாட்டினாள். பாட்டிலைத் தொடவில்லை.

குலசேகரன் திரும்பி வந்தார்.

"பன்னெண்டு நாளா மாத்திரைக்கு ஒரு வாய் தண்ணிதான், மேடம். குடிச்சா பிள்ள நெஞ்சுல தண்ணி கூடிடுமாம். எடுத்துச் சொன்னேன். நம்ப மாட்டேங்குது அந்தப் பொண்ணு."

"ஏதாவது கேட்டாங்களா?"

"அந்தத் தண்ணி எங்கெருந்து வந்துச்சுன்னு கேட்டா."

"எங்கெருந்து வந்துச்சு?"



சபீனா எழுந்தார். அலமாரியிலிருந்து அந்தப் பிள்ளையின் முதல் ஐந்து நாள் கேஸ் ஷீட்டை எடுத்தார். தன்னுடைய காபி டம்ளரைக் கழுவினார். ஒரு சிரிஞ்சின் உறையைப் பிரித்தார். மூன்றையும் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒவ்வொரு மருந்துக்கும் பின்னால ஒரு மில்லி தள்ளுவோம்ல, மருந்து குழாயிலேயே தங்கிடாம இருக்க. அத ஒவ்வொண்ணா இந்த டம்ளர்ல விடுங்க, சார்."

"அது எங்கயும் எழுதியிருக்காதே மேடம்."

"மருந்து எழுதியிருக்கும்."

"பெருக்கிச் சொல்லிடறேனே."

"வேண்டாம். ஒவ்வொண்ணா."

அந்த வார்டில் தண்ணீருக்கு அப்படி ஒரு கெடுபிடி. பம்ப் வழியாக நரம்பில் ஏறுவதை மணிக்கு மணி எழுதுவார்கள். பிள்ளை நனைத்த டயப்பரைக்கூடத் தராசில் வைத்து எழுதுவார்கள். ஊசி மருந்துக்குப் பின்னால் தள்ளுகிற அந்த ஒரு மில்லி உப்புத் தண்ணீர் மட்டும் யார் கண்ணுக்கும் தண்ணீராகத் தெரிவதில்லை.

குலசேகரன் குழாயடியில் நின்று ஆரம்பித்தார். ஒரு வரி படிப்பார். ஒரு மில்லி உறிஞ்சுவார். டம்ளரில் விடுவார். நர்ஸ் ஒருத்தி கை கழுவ வந்து, பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேறு தொட்டிக்குப் போனாள்.

முதல் நாள் பக்கத்தில் பதினாறு. இரண்டாம் நாளும் பதினாறு.

மூன்றாம் நாள் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

பிள்ளை பிறந்த அந்த வாரம் சபீனா லீவு. வார்டு குலசேகரன் கையில் இருந்தது. மூன்றாம் நாள் காலை பிள்ளையைத் தராசில் போட்டபோது ஒரு கிராம்கூடக் குறையவில்லை. நான்காம் நாள் இருபது கிராம் ஏறியிருந்தான். தாய்மார் அறைக்கு அவரே நடந்து போய் அதைச் சொன்னார். இசக்கியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்க கைராசி சார்" என்றாள். அன்று முழுக்க அவருக்கு நடை கொஞ்சம் மிதப்பாகவே இருந்தது.

குறைமாதப் பிள்ளைக்கு முதல் சில நாளில் எடை குறைய வேண்டும். உடம்பில் கூடுதலாக இருக்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றிவிட்டுத்தான் அது தேற ஆரம்பிக்கும். வெளியேறாத நீர் நுரையீரலில் தேங்கும். குலசேகரன் இதைப் படித்திருந்தார். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தார். ஆனால் பதினேழு வருடமாக அவரிடம் வந்த தாய்மார்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: எடை ஏறியிருக்கா டாக்டர்? பிள்ளையின் காய்ந்த தோலைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. பம்பையும் கொஞ்சம் கூட்டி வைத்தார். மூன்றாம் நாள் பக்கத்தில் அது இருந்தது, அவருடைய கையெழுத்திலேயே.

அவர் மறுபடி உறிஞ்சினார். விட்டார்.

எண்பதாவது மில்லி விழுந்தபோது டம்ளர் பாதிகூட நிறையவில்லை.

"இவ்வளவுதான் மேடம்." குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

"உங்க எடை என்ன, சார்?"

"எழுபத்தெட்டு."

"அவன் அப்ப ஒரு கிலோகூட இல்ல. உங்க உடம்புக்குன்னா இது ஏழு லிட்டர் கிட்ட வரும். பம்புல போனது தனி."

குலசேகரனுக்குக் காது இரண்டும் சூடாயின. அரை டம்ளர்கூட இல்லாத தண்ணீருக்கு முன்னால் நிற்க முடியாமல், எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது.

டம்ளரைப் பார்த்தபடியே கேட்டார்.

"இதனாலதான் நுரையீரல் கெட்டுச்சுன்னு சொல்லிட முடியுமா மேடம்?"

"முடியாது. இருபத்தேழு வாரத்துல பொறந்தவன். வெண்டிலேட்டர்ல இருந்திருக்கான், கிருமி வந்திருக்கு. இது இல்லாமலும் ஆகியிருக்கலாம்."

"அப்ப அவகிட்ட சொல்லியே ஆகணும்னு இல்லையே."

சபீனா கேஸ் ஷீட்டை மூடினார்.

"லீவு முடிஞ்சு வந்து நானும் இதப் புரட்டினேன். எடை குறையலன்னு கண்ணுல பட்டுது. வயசுல பெரியவர், எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன். அது என் வெக்கம். அத நான் பாத்துக்கறேன்."

குலசேகரன் தலை குனிந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு இன்னிக்கு எவ்வளவு தண்ணி குடிச்சாங்கன்னு சொன்னீங்க?"

"ஒரு வாய்."

சபீனா டம்ளரை அவர் பக்கமாக நகர்த்தினார்.

தாய்மார் அறையில் குலசேகரன் எப்போதும் நின்றுகொண்டுதான் பேசுவார். இன்று ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். இசக்கியம்மாள் பயந்துபோய் எழுந்தாள்.

"பிள்ளைக்கு என்னமும் ஆச்சா சார்?"

"அவனுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க உக்காருங்கம்மா."

அவள் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் முந்தி ஒண்ணு கேட்டீங்கள்ல. அந்தத் தண்ணி எங்கெருந்து வந்துச்சுன்னு."

"ஆமா சார்."

"நான் குடுத்தது."

அவள் அவரையே பார்த்தாள். அவர் டம்ளரைக் காட்டினார்.

"முதல் அஞ்சு நாள்ல, மருந்துக்குப் பின்னால, இவ்வளவு. அதுக்கு மேல பம்புலயும் கூட்டி வச்சேன். உங்க பிள்ளைக்கு அது அதிகம். எடை ஏறியிருக்குன்னு நான் சந்தோஷமா வந்து சொன்னேன்ல, அன்னிக்குக் குறைஞ்சிருக்கணும். இதனால மட்டும்தான் இப்படி ஆச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீங்க குடிச்ச தண்ணி அவன் நெஞ்சுக்குப் போகல."

அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவர் காத்திருந்தார்.

அவள் திட்டவில்லை. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள். உதடு வெடித்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. தினமும் இரண்டு வேளை பார்க்கும் முகம்தான். குலசேகரன் அந்த உதட்டை இப்போதுதான் பார்த்தார்.

இசக்கியம்மாள் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூடியில் கை வைத்தாள். திறக்கவில்லை.

"அப்ப நா குடிக்கலாமா சார்?"